எட்டாத கம்பி

விழாமல் இருப்பதற்கென்று பூட்டிய கம்பியைப் பிடிக்க அருமைநாயகி நுனிக்காலில் எம்ப வேண்டியிருந்தது.

எம்பினாள். விரல் நுனி மட்டும் கம்பியில் பட்டது. கால் வழுக்கியது. துளை போடும் மெசினோடு குளியலறை வாசலில் நின்ற மேசன் முத்துக்குமாரு பாய்ந்து வந்து தோளைப் பிடித்தார். பிடித்திராவிட்டால், கைபிடிக் கம்பியைப் பிடிக்கப் போய் இடுப்பை முறித்த மனுசி என்று குருநகர் முழுக்க அவளைப் பற்றிக் கதைத்திருக்கும்.

“தம்பி, உதென்ன தென்னைமரத்துக்குப் பூட்டின கம்பியோ?”

“லண்டன் அம்மா சொன்ன உயரம்தான், அம்மா. கொஞ்சம் கீழை பதிச்சுப் பூட்டுவமோ எண்டு நானும் கேட்டனான். வீடியோவிலை வந்து நல்லாப் பேசிப்போட்டா.”

அதற்கு மேல் அந்த மனிதனோடு கதைத்துப் பயனில்லை. லண்டன் அம்மா என்பது அருமைநாயகியின் அக்கா சிசிலியா. வயதில் ஆறு வருசம் மூப்பு, உயரத்தில் ஒரு தலை மூப்பு, அதிகாரத்தில் எவ்வளவு மூப்பு என்று இதுவரை யாரும் அளந்து முடிக்கவில்லை. லண்டனுக்குப் போய் முப்பது வருசமாகியும், குருநகர் வீட்டில் எந்த ஆணியை எந்தச் சுவரில் அடிப்பது என்பதை அவள்தான் தீர்மானித்தாள்.

இவ்வளவுக்கும் காரணம் ஒரு காகம். கிணற்றடியில் இருந்து மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அது பாரைமீன் தலையைத் தூக்கிக்கொண்டு பறந்தது. குழம்புக்கென்று ஆசையாக எடுத்து வைத்த தலை. அருமைநாயகி கத்தியோடு எழும்பித் துரத்தினாள், பாசியில் சறுக்கி விழுந்தாள். முழங்கையில் தோல் உரிந்தது, அவ்வளவுதான். எழும்பிக் காகத்தை நாலு பேச்சுப் பேசிவிட்டு மிச்ச மீனைக் கழுவினாள்.

ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம் நின்ற ஜெசிதா அதைப் பார்த்துவிட்டாள். ஜெசிதா லண்டனிலுள்ள தன் மச்சாளுக்குச் சொன்னாள். மச்சாள் அங்கே கோயிலில் கண்ட யாருக்கோ சொன்னாள். செய்தி சிசிலியாவிடம் போய்ச் சேர்ந்தபோது அருமைநாயகியின் இடுப்பு இரண்டாக முறிந்து, பேச்சும் நின்றுபோயிருந்தது.

பேச்சு நிற்கவில்லை என்பதைக் காட்ட அருமைநாயகி போனில் அரை மணித்தியாலம் கதைத்தாள். அதில் பாதி அந்தக் காகத்தைப் பற்றியது. மறுநாள் வட்சப்பில் அக்காவின் குரல் வந்து விழுந்தது.

“அருமை, அந்த வீட்டை உப்பிடியே விடேலாது. வயசு போனபிறகு ஒரு தரம் விழுந்தால் போதும், எல்லாம் முடிஞ்சுது. மேசனிட்டைச் சொல்ல வேண்டியதெல்லாம் சொல்லியிருக்கிறன். மடத்திலையும் ஒரு கட்டில் கேட்டு வைச்சிருக்கிறன். வீடு சரிவந்தால் மடம் தேவையில்லை. கோயில் திருநாளுக்கு வாறன்.”

மடம் என்றால் கன்னியாஸ்திரிமார் நடத்தும் முதியோர் இல்லம். அருமைநாயகி நத்தாருக்குக் கேக் கொடுக்க அங்கே போயிருக்கிறாள். நல்ல துப்புரவான இடம். சிஸ்டர்மார் தங்கமான பிள்ளைகள். ஆனால் இரவுச் சாப்பாடு பொழுதுபடமுன்னரே முடிந்துவிடும், மீன் வெள்ளிக்கிழமை மட்டும்தான். குருநகரில் பிறந்து வளர்ந்த ஒருத்திக்கு அதற்குப் பெயர் மறியல், சிறைதான்.

எதிர்த்துக் கதைக்கவும் முடியவில்லை. தாய் அந்த வீட்டை இரண்டு பொம்பிளைப் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சீதனமாக எழுதிவிட்டுப் போயிருந்தாள். பாதி வீடு அக்காவுடையது. எந்தப் பாதி என்று இதுவரை யாரும் கேட்டதில்லை, கேட்டுவிடுவாளோ என்று இப்போதுதான் பயம் வந்தது. புருசன் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளையும் இல்லை. அந்த வீடும், நாலைந்து கோழியும், காலைப் பூசையும்தான் அருமைநாயகியின் சீவியம். அறுபத்தெட்டு வயதில் அதை விட்டுவிட்டுக் கட்டிலுக்கு நம்பர் போட்ட இடத்துக்குப் போவதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆகவே திருநாளுக்கு முன் வீடு சரிவர வேண்டும். அக்கா வந்து பார்த்து, சரி என்று ஒரு சொல் சொல்ல வேண்டும். அதற்காக எதையும் பொறுப்பது என்று அவள் முடிவெடுத்தாள்.

கம்பி எட்டாததற்கு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். கம்பிக்குக் கீழே ஒரு ஸ்ரூலை வைத்தாள். ஏறி நின்றால் கம்பி நன்றாகப் பிடிபட்டது. அந்தச் சந்தோசத்தில் வீடியோவில் அக்காவுக்கும் காட்டினாள். வீடியோவில் சிசிலியா எப்போதும் கழுத்துக்கு மேலேதான் தெரிவாள். அந்தக் கழுத்து விறைத்தது.

“ஈரத்திலை ஸ்ரூல் வைச்சு அதிலை ஏறி நிண்டோ கம்பி பிடிக்கிறாய்? சேர்க்கசிலை சேர்ந்திட்டியோ?”

ஸ்ரூல் குசினி அடுப்படிக்குத் திரும்பிப் போனது. எட்டாத கம்பி எட்டாமலே இருந்தது. குளித்துவிட்டுத் துவாயைக் கீழிருந்து அதன்மேல் எறிந்து மாட்டப் பழகிக்கொண்டாள். மூன்று எறிக்கு ஒன்று மாட்டுப்படும்.

அடுத்தது கொமட். பின்வளவில் இருந்த பழைய குந்துகிற கக்கூசு ஆபத்தாம். அதனால் குளியலறைக்குள்ளேயே ஒரு கொமட் வைக்கப்பட்டது. அதுவும் லண்டன் அளவு. அருமைநாயகி அதில் ஏறி இருந்தால் கால் இரண்டும் தரையில் படாமல் ஊஞ்சலில் இருக்கும் குழந்தையின் கால் போல ஆடும். கால் ஆடிக்கொண்டிருந்தால் வேறொன்றும் நடக்காது என்பது இரண்டாம் நாள் தெரிந்தது. அவள் யாருக்கும் சொல்லாமல் பழைய கக்கூசுக்கே திரும்பிப் போனாள்.

ஆனால் புதுக் கொமட்டின் புகழ் பரவியது. குருநகரில் முழங்கால் நோ இல்லாத வயதுபோன பொம்பிளை இல்லை. காலைப் பூசை முடிந்ததும் ஒருத்தி வந்து, சும்மா பார்த்துவிட்டுப் போவதாகச் சொல்லி உள்ளே போனாள். அரை மணித்தியாலம் பார்த்தாள். அடுத்த நாள் அவள் இன்னும் இருவரைக் கூட்டி வந்தாள். ஒரு கிழமைக்குள் பூசைக்குப் பிறகு அருமைநாயகியின் விறாந்தையில் ஆறேழு பேர் முறைக்குக் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்பலாமா? எல்லாருக்கும் பிளேன்ரீ ஊற்றினாள். பிளேன்ரீ குடித்தவர்கள் அதனாலேயே இன்னொரு முறை உள்ளே போக வேண்டி வந்தது.

அதற்குள் அக்காவிடமிருந்து அடுத்த கட்டளை. செத்துப்போன தாயின் அறையிலிருந்து குளியலறைக்கு நேரே ஒரு கதவு வெட்ட வேண்டும், அந்த அறையில் நல்ல உயரமான கட்டில் ஒன்று போட வேண்டும். அருமைநாயகி சின்ன வயதிலிருந்தே முன்னறையில் படுக்கிறவள். தன்னை நோயாளியாக்கித் தாயின் அறையில் கிடத்தத்தான் அக்கா திட்டம் போடுகிறாள் என்று விளங்கியது. கதவு வெட்டினார்கள், கட்டில் போட்டார்கள். அவள் அங்கே படுக்க மறுத்துவிட்டாள். அவளுடைய கறுத்தப் பேடு மறுக்கவில்லை. புதுக் கதவால் உள்ளே வந்து, புது மெத்தையின் நடுவில் முட்டையிட்டு, ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்தது.

“சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதையாக் கிடக்கு,” என்று அவள் முத்துக்குமாருவிடம் சொன்னாள். அவர் முன்வாசல் படியை உடைத்துக்கொண்டிருந்தார்.

படி போய் அந்த இடத்தில் சீமெந்தில் ஒரு சறுக்கு வந்தது, நீளமாக, அகலமாக, இரண்டு பக்கமும் கம்பியோடு. காலை தொடக்கம் பின்னேரம் வரை நல்ல வெயில் விழும். பக்கத்து வீட்டுக் கனிசியஸ், ஜெசிதாவின் புருசன், அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். கடல் தொழில் செய்கிறவன். அவன் கண்ணுக்கு அது சறுக்காகத் தெரியவில்லை.

“அருமையக்கா, இதிலை ரெண்டு மீனைக் காயப்போடட்டோ? இண்டைக்கு மட்டும்.”

மறுக்க முடியுமா? அவளுடைய குழம்புக்கு மீன் தருகிறவன் அவன், மாதா மாதம் கிளினிக்குக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் போகிறவனும் அவன்தான். அவள் ஓம் என்றாள். ரெண்டு மீன் ஒரு பாய் மீனாகியது. இன்றைக்கு மட்டும் என்றது நாளைக்கும் ஆகியது. பிறகு அவன் பக்கத்துக் கம்பிகளைத் தொட்டுப் பார்த்து, கிழிந்த வலையைக் கட்டிப் பொத்துவதற்கு அளவான உயரம் என்று கண்டுபிடித்தான். முன்வாசலில் கீழே கருவாடு, மேலே வலை. மீனுக்குக் காகம் வந்தது. அதே காகம்தான் என்று அருமைநாயகி சத்தியம் பண்ணினாள்.

இனி வெளியே போவதென்றால் பின்கதவுதான். பின்கதவுப் படி தாயின் காலத்துப் படி, ஒவ்வொன்றும் முழங்கால் உயரம். பூசைக்குப் போக ஒரு தரம், வர ஒரு தரம், காகம் துரத்தக் கணக்கில்லாத தரம் என்று அவள் அதில் ஏறி இறங்கினாள். தலையிடி போய்த் திருகுவலி வந்ததென்று முணுமுணுத்துக்கொண்டேதான்.

அந்த மாதம் கிளினிக்கில் பிரசர் பார்த்த நேர்ஸ் மிஸ், மெசின் பிழையோ என்று இரண்டாம் தரமும் பார்த்தாள். பிரசர் இறங்கியிருந்தது, சீனியும் இறங்கியிருந்தது. என்ன பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டாள். விழாமல் இருக்க வீடு திருத்துகிறோம் என்றாள் அருமைநாயகி. நல்ல வேலை, விடாமல் செய்யுங்கள் என்று மிஸ் சொல்லி அனுப்பினாள்.

பிறகு மணி வந்தது. கழுத்தில் தொங்கவிடும் ஒரு சின்ன வெள்ளைப் பொத்தான். விழுந்தால் அதை அமர்த்த வேண்டும், கனிசியஸ் வீட்டில் மணி அடிக்கும். கழுத்தில் ஏற்கெனவே செபமாலை இருந்தது. தனியாக இன்னொரு கயிறு எதற்கென்று அருமைநாயகி பொத்தானைச் செபமாலையிலேயே கோர்த்துவிட்டாள். பின்னேரம் கண்ணை மூடிக்கொண்டு மணி மணியாக உருட்டிச் செபம் சொன்னாள். ஒவ்வொரு சுற்றும் முடிய கனிசியசும் ஜெசிதாவும் மதிலேறிக் குதித்து ஓடி வந்தார்கள். மூன்றாம் தரம் ஜெசிதா மட்டும் வந்தாள். நாலாம் தரம் ஒருவரும் வரவில்லை, மணியின் பற்றரியைக் கழற்றி வைத்துவிட்டார்கள். அருமைநாயகிக்கு வெட்கமாகப் போயிற்று. அன்றைக்குச் செபமாலைக் காரணிக்கத்தை முடிக்காமலே படுத்துவிட்டாள்.

திருநாளுக்கு நாலைந்து நாள் இருக்கையில் ஜெசிதா ஒரு யோசனை சொன்னாள். வீட்டில் புதிதாக இவ்வளவு செய்துவிட்டுத் தீர்த்தம் தெளித்து மந்திரிக்காமல் விட்டதுதான் பிழை, அதனால்தான் ஒன்றும் சரிவருகிறதில்லை என்றாள். அருமைநாயகிக்கும் அது நியாயமாகப் பட்டது. புதுப் படகுக்கு மந்திரிக்காமல் யாராவது கடலுக்குப் போவார்களா? கோயில் சுவாமியைக் கூட்டி வந்தாள்.

சுவாமி நெடுவலான மனிதர். கருவாட்டைக் கடந்து, வலைக்குக் கீழே குனிந்து உள்ளே வந்தார். அறையை மந்திரித்தார், கட்டிலை மந்திரித்தார், கறுத்தப் பேட்டையும் மந்திரித்தார். குளியலறையில் தீர்த்தத்தைக் கொஞ்சம் தாராளமாகவே தெளித்துவிட்டார். வழுக்காத மாபிள் என்று கடைக்காரன் சொன்ன மாபிளில் தண்ணீர் பட்டதும் அவருடைய செருப்பு முன்னால் போக, அவர் பின்னால் போனார். ஜெசிதா மாதாவைக் கூப்பிட்டாள். சுவாமியின் கை மேலே போய் அந்தக் கம்பியைப் பற்றியது. தொங்கிக்கொண்டு நின்றார்.

“நல்ல உயரத்திலை பூட்டியிருக்கிறியள்,” என்றார் மூச்சு வாங்கிக்கொண்டு.

அப்போதுதான் அருமைநாயகிக்கு அழுகை வந்தது. அந்த வீட்டில் அந்தக் கம்பி எல்லாருக்கும் உதவும், அவளுக்கு மட்டும் உதவாது. அக்கா வந்து நின்று, எங்கே பிடி பார்ப்போம் என்று கேட்டால் என்ன செய்வது? எட்டவில்லை என்று தெரிந்தால் மடத்துக் கட்டில்தான். இரவு முழுக்கப் படுக்கையில் புரண்டு, விடியப்புறம் ஒரு முடிவுக்கு வந்தாள். கம்பியே தேவையில்லாத பொம்பிளை என்று காட்டிவிட்டால் என்ன? குந்தி எழும்பிக் காட்டலாம். கிணற்றில் தண்ணீர் அள்ளிக் காட்டலாம். படியில் ஓடி ஏறிக் காட்டலாம். அந்த முழங்கால் உயரப் படி அவளுக்கு இப்போது பழக்கம்தானே.

அக்கா வருகிற அன்று சறுக்கைத் துப்புரவாக விட்டுத்தருவதாகக் கனிசியஸ் சத்தியம் பண்ணியிருந்தான். அன்றைக்கென்று பார்த்து வலை நிறைய மீன்பாடு. வான் வந்து கேற்றில் நின்றபோது சறுக்கில் மேலிருந்து கீழ்வரை மீன்.

அருமைநாயகி பின்கதவால் குதித்து இறங்கி, வீட்டைச் சுற்றி ஓடி வந்தாள். வான் கதவைப் பிடித்துக்கொண்டு சிசிலியா நின்றாள். மெலிந்திருந்தாள். தலை முழுக்கப் பஞ்சாக வெளுத்திருந்தது. இவ்வளவு தூரப் பயணம், களைப்பாக்கும் என்று அருமைநாயகி நினைத்துக்கொண்டாள்.

சிசிலியா தங்கச்சியைக் கட்டிப்பிடித்தாள். வழமையாக அந்தப் பிடியில் மூச்சு முட்டும். இந்த முறை அப்படி இல்லை. பிறகு சறுக்கின் கம்பியைப் பிடித்தாள். கனிசியஸ் அவசரமாக மீனை ஒதுக்கி வழிவிட்டான். அவள் ஒவ்வொரு அடியாக, கம்பியை அமர்த்தி அமர்த்திப் பார்த்துக்கொண்டு ஏறினாள். உறுதி பார்க்கிறாள் என்று அருமைநாயகி நினைத்தாள். உள்ளே போய்த் தாயின் அறையைப் பார்த்தாள். கட்டிலில் இருந்து பார்த்தாள், எழும்பிப் பார்த்தாள். புதுக் கதவால் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கன நேரம் வெளியே வரவில்லை.

வந்தபோது முகம் கழுவியிருந்தது. கண் சிவந்திருந்தது.

“கம்பி சரியான உயரம்,” என்றாள்.

அருமைநாயகி அந்த வார்த்தையில் இருந்த பொறியைக் கண்டுகொண்டாள். இனி அடுத்த கேள்வி, எங்கே பிடி பார்ப்போம். கேட்க முன்னரே அவள் கிணற்றடிக்கு ஓடினாள். நிறைந்த வாளியோடு பின்படியில் தாவி ஏறி, உள்ளே வந்து, அக்காவுக்கு முன்னால் வைத்தாள். நடு வீட்டில் குந்தினாள், எழும்பினாள். திரும்பக் குந்தினாள், எழும்பினாள். கறுத்தப் பேடு தலையைச் சரித்துப் பார்த்தது. விறாந்தையில் முறைக்கு இருந்த பூசைக்காரப் பொம்பிளைகள் பிளேன்ரீயைக் கையிலேயே வைத்துக்கொண்டு பார்த்தார்கள்.

“இரு அருமை. என்ன செய்யிறாய்? நான் உன்னட்டை ஒண்டு சொல்லவேணும்.”

அந்த ஒன்று என்ன என்று அருமைநாயகிக்குத் தெரியும். அவள் அதைச் சொல்ல விடவில்லை. மூச்சு வாங்க, கண்ணீரும் வர, இவ்வளவு நாளும் அடக்கி வைத்ததைக் கொட்டினாள்.

“எனக்குத் தெரியும் அக்கா. கம்பி எனக்கு எட்டாது. கொமட்டிலை இருந்தால் கால் நிலத்திலை படாது. அந்தக் கட்டிலிலை நான் ஒருநாளும் படுக்கேல்லை. ஆனால் மடத்துக்கு மட்டும் நான் போகமாட்டன். பாதி வீடு உங்கடைதான், எந்தப் பாதி எண்டாலும் எடுங்கோ. மற்றப் பாதியிலை நான் ஒரு மூலையிலை கிடந்திட்டுப் போறன்.”

சிசிலியா வாயைத் திறந்தாள். எழுபத்துநாலு வருசத்தில் முதல் தடவையாக அந்த வாயிலிருந்து ஒரு கட்டளையும் வரவில்லை. அவள் கையை நீட்டி எதையோ தேடினாள், கதவுநிலையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து அக்காவைக் கொழும்பிலிருந்து ஏற்றி வந்த வான்காரன் ஜெரிசன், ஒரு கையில் பெரிய பெட்டியும் மறு கையில் பிடித்து நடக்கிற வோக்கரை மடித்தும் தூக்கிக்கொண்டு, கருவாட்டை மிதிக்காமல் ஒருவாறு உள்ளே வந்து சேர்ந்தான். வாசலில் இன்னும் நாலு பெட்டி இறக்கியிருந்தது.

“அம்மா, இதுகளை எந்த அறையிலை வைக்கிறது எண்டு கெதியாச் சொல்லுங்கோ,” என்றான் அருமைநாயகியைப் பார்த்து. “கொழும்பிலையிருந்து வழி முழுக்க உவ ஒரே அழுகை, கம்பி எல்லாம் தன்ரை உயரத்துக்குப் பூட்டுவிச்சாச்சாம், ஆனால் தங்கச்சி தன்னை இஞ்சை வைச்சிருக்க மாட்டன் எண்டு சொன்னால், தான் மடத்துக் கட்டிலுக்குத்தான் போகவேணுமாம்.”